சண்டை இல்லாமல் சஸ்பென்ஸ் இல்லை!

சுட்டிகளே! தட்டில் சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கிறது. அம்மா மூன்று தடவை கூப்பிட்டாகிவிட்டது. நீங்களோ, "இதோ, இந்த ஒரு பக்கம்தாம்மா" என்று சொல்லிக்கொண்டே முப்பது பக்கம் தாண்டியிருப்பீர்கள். கையில் இருப்பது ஒரு மர்ம நாவல். கீழே வைக்க மனசு வருமா?

எல்லாப் புத்தகமும் இப்படி நம்மைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. சில புத்தகங்கள் பத்தாம் பக்கத்திலேயே கொட்டாவி விட வைக்கும். அப்படியென்றால் பிடித்து வைக்கும் புத்தகத்துக்குள் என்னதான் இருக்கிறது?

பேய், பாழடைந்த பங்களா, துப்பாக்கி, கறுப்புக் கண்ணாடி போட்ட ஆசாமி... இப்படித்தானே நினைக்கிறீர்கள்? பேய் வந்தும் தூக்கம் வரவழைக்கும் கதைகள் நிறைய உண்டு. நம்பவில்லையா? ஒரு சின்னச் சோதனை செய்து பார்ப்போம்.

விழுப்புரம் மாவட்டத்தில், புதுச்சேரியை ஒட்டினாற்போல் கடற்கரையோரம் இருக்கிற ஊர் கோட்டக்குப்பம். அங்கே காசிம் என்று ஒரு பையன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏழாம் வகுப்பு. சனிக்கிழமை மதியம் பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போகிறான். கடற்கரையில் காந்தி சிலை அருகே உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுகிறான். சாயங்காலம் வீடு திரும்புகிறான். கதை முடிந்தது.

என்ன முழிக்கிறீர்கள்? நன்றாக இல்லையா? சரி, கொஞ்சம் மாற்றுவோம்.

காசிமின் அத்தா ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறார். முதலாளி கொடுத்த ஓர் உறையை ஐந்து மணிக்குள் புதுச்சேரியில் வக்கீலிடம் சேர்க்க வேண்டும். அத்தாவுக்குக் காய்ச்சல். அதனால் காசிம் போகிறான். அதே பஸ்ஸில் ஏறிய ஒரு இளைஞன், காசிமின் பையையே பார்த்துக்கொண்டிருக்கிறான். காசிம் இறங்கினால் அவனும் இறங்குகிறான். காசிம் நின்றால் அவனும் நிற்கிறான். மணி நாலே கால்.

இப்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள் அல்லவா? பஸ் அதேதான், ஊர் அதேதான், பையனும் அதே பையன்தான். ஒரே ஒரு வித்தியாசம். காசிமுக்கு ஒன்று வேண்டும். அதற்கு நேர் எதிரானது இன்னொருவருக்கு வேண்டும். இதைத்தான் கதை எழுதுகிறவர்கள் 'மோதல்' என்பார்கள். மோதல் என்றதும் கும்மாங்குத்து என்று நினைத்துவிடாதீர்கள். ஒருவர்மேல் ஒருவர் கை வைக்காமலேயே பெரிய மோதல் நடக்கலாம்.

இன்னும் ஒரு படி மேலே போவோமா? அந்த இளைஞன் யாரென்று காசிமுக்குத் தெரிந்துவிடுகிறது. அவனுடைய உயிர்த் தோழன் ராஜாவின் அண்ணன்! உறைக்குள் இருப்பது ராஜாவின் அப்பா எழுதிக் கொடுத்த பிரோநோட்டு. அதாவது, வாங்கிய கடனுக்குக் கையெழுத்துப் போட்ட தாள். அது வக்கீலிடம் போனால் ராஜாவின் வீடு போய்விடும். போகாவிட்டால் அத்தாவின் வேலை போய்விடும். மணி நாலே முக்கால்.

இப்போது காசிமைத் துரத்துவது அந்த அண்ணன் மட்டுமில்லை. அவன் மனசே அவனைத் துரத்துகிறது. இதற்குப் பெயர் மனப்போராட்டம். நல்ல சஸ்பென்ஸ் நாவல்களில் இந்த இரண்டும் சேர்ந்தே வரும்.

காசிம் என்ன செய்தான் என்று கேட்கிறீர்களா? அதை அப்புறம் பார்க்கலாம். அதற்குள், அதே எல்லைப்புறத்தில் நிஜமாகவே நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன்.

கிணற்றுக்குள் ஒரு ஜாடி

இன்றைக்குக் கோட்டக்குப்பத்திலிருந்து புதுச்சேரியின் முத்தியால்பேட்டைக்கு நடந்தே போய்விடலாம். நூறு வருஷங்களுக்கு முன்னால் அப்படியில்லை. கோட்டக்குப்பம் பக்கம் தென்னாற்காடு ஜில்லா, பிரிட்டிஷ் ஆட்சி. அந்தப் பக்கம் புதுச்சேரி, பிரெஞ்சு ஆட்சி. கோட்டைத் தாண்டினால் சட்டம் வேறு, போலீஸ் வேறு! 1954 நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரி இந்தியாவின் நிர்வாகத்துக்கு வரும்வரை அந்தக் கோடு இருந்தது.

1908-இல் பிரிட்டிஷ் அரசு கைது செய்துவிடும் என்ற நிலையில் பாரதியார் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு வந்துவிட்டார். 1910-இல் அரவிந்தரும் வந்தார். அதே ஆண்டு வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தார். லண்டனுக்கு வக்கீல் படிப்புக்காகப் போனவர் ஐயர். அங்கே புரட்சிக்காரர்களோடு சேர்ந்ததால் போலீஸ் அவரைத் தேடியது. மாறுவேடத்தில்தான் தப்பினார். வழியில் ஓர் ஆசாமி அவருடைய பெட்டியில் 'வி.வி.எஸ்.' என்ற எழுத்துகளைப் பார்த்துச் சந்தேகப்பட்டாராம். ஐயர் அசரவே இல்லை. 'வீர விக்ரம் சிங்' என்று தன் பெயரைச் சொல்லித் தப்பித்தார் என்பார்கள். எப்படி மூளை!

புதுச்சேரிக்குள் நுழைந்து இவர்களைப் பிடிக்க பிரிட்டிஷ் போலீஸால் முடியாது. அங்கே இருப்பது பிரெஞ்சுச் சட்டம். ஆகவே வேவு பார்க்க ஆட்களை அனுப்பினார்கள். யார் வீட்டுக்கு யார் வருகிறார்கள், யாருக்குக் கடிதம் வருகிறது என்று எல்லாவற்றையும் கண்காணித்தார்கள்.

ஒருநாள் ஐயர் வீட்டு வேலைக்காரப் பெண் கிணற்றில் தண்ணீர் இறைத்தார். தண்ணீரோடு ஒரு ஜாடியும் மேலே வந்தது! நன்றாக மூடி முத்திரை வைத்த ஜாடி. திறந்து பார்த்தால் உள்ளே அரசாங்கத்துக்கு எதிரான துண்டுப் பிரசுரங்கள். ஐயர் அவற்றைப் போடவில்லை. வேறு யாரோ வேண்டுமென்றே போட்டிருக்கிறார்கள். ஏன்? பிரெஞ்சுப் போலீஸிடம் புகார் கொடுத்து, சோதனை போடச் சொல்லி, இவர்களை மாட்டிவிடத்தான்.

சுட்டிகளே, அந்த நிமிஷத்தில் நீங்கள் ஐயர் வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். என்ன செய்வீர்கள்? எரித்துவிடலாமா? எரிக்கும்போது போலீஸ் வந்து நின்றால்? மறுபடியும் கிணற்றில் போட்டுவிடலாமா? சோதனை போட்டால் அது கிடைத்துவிடுமே! போலீஸிடமே கொண்டுபோய்க் கொடுக்கலாமா? "நீங்கள்தானே எழுதினீர்கள்" என்று அவர்கள் திருப்பிக் கேட்டால்?

நாமே போய்ச் சொல்லிவிடுவோம் என்றார் பாரதியார். அப்படியே பிரெஞ்சு அதிகாரிகளிடம் சொன்னார்கள். பிறகு புகாரும் வந்தது, சோதனையும் நடந்தது. அரவிந்தர் வீட்டுக்கு வந்த பிரெஞ்சு நீதிபதி, அங்கே லத்தீன், கிரேக்க மொழிகளில் இருந்த எழுத்துகளைப் பார்த்து அசந்துபோனார். இவ்வளவு படித்த மனிதரா என்று மரியாதையோடு திரும்பிப் போனாராம். கடைசியில் புகார் கொடுத்தவரே பிரெஞ்சுப் போலீஸுக்குப் பயந்து எல்லை தாண்டி பிரிட்டிஷ் பகுதிக்கு ஓடினார் என்று சொல்வார்கள்.

துப்பாக்கி வெடித்ததா? இல்லை. யாராவது யாரையாவது அடித்தார்களா? இல்லை. ஆனாலும் ஜாடி மேலே வந்ததிலிருந்து நீதிபதி திரும்பிப் போகும்வரை மூச்சு முட்டுகிறது அல்லவா? ஒரு பக்கம் பிடிக்க நினைக்கிறவர்கள். இன்னொரு பக்கம் பிடிபடக் கூடாதவர்கள். நடுவில் ஒரு கிணறு. அந்த ஜாடியைத் தனியாக எடுத்து அலமாரியில் வைத்தால் அது ஊறுகாய் ஜாடி மாதிரித்தான் இருந்திருக்கும்!

பாரதியார் 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டார். எல்லையைத் தாண்டியதும் கடலூர் அருகே கைது செய்யப்பட்டு, மூன்று வாரங்களுக்கும் மேல் காவலில் இருந்தார். அந்தக் கோடு விளையாட்டுக் கோடு இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? இன்னொரு சங்கதி. வீர விக்ரம் சிங்காக நடித்துத் தப்பிய அதே வ.வே.சு. ஐயர்தான் 'குளத்தங்கரை அரசமரம்' எழுதித் தமிழ்ச் சிறுகதைக்கு முன்னோடி ஆனவர். அவர் தன் சொந்தக் கதையை ஒரு துப்பறியும் நாவலாக எழுதாமல் போனது நமக்குத்தான் நஷ்டம்.

ஓலையும் ஆப்பிள் பீப்பாயும்

நாவலுக்கு வருவோம். தமிழில் விறுவிறுப்பான நாவல் என்றதும் வீட்டில் தாத்தா பாட்டி எதைச் சொல்வார்கள்? கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வன்'. 1950-இலிருந்து 1954 வரை 'கல்கி' வார இதழில் தொடராக வந்தது. வாரத்துக்கு ஒரு முறை படித்துவிட்டு அடுத்த இதழுக்காகக் காத்துக் கிடந்த காலம் அது. 2022-லும் 2023-லும் இரண்டு பாகங்களாகச் சினிமாவாகவும் வந்துவிட்டது. அது சிறுவர் நாவல் இல்லைதான். ஆனாலும் எட்டாம் வகுப்பிலேயே அதை ஒரே மூச்சில் படித்து முடித்துவிட்டுக் கண் சிவந்து பள்ளிக்கூடம் போனவர்கள் ஏராளம்.

கதை எங்கே ஆரம்பிக்கிறது தெரியுமா? வீராணம் ஏரிக்கரையில், ஆடிப் பெருக்கு நாளில். அந்த ஏரி இப்போது கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது. 1993-இல் பிரியும்வரை கடலூரும் விழுப்புரமும் ஒரே தென்னாற்காடு மாவட்டம்தானே! அந்த வகையில் கோட்டக்குப்பத்துப் பிள்ளைகள், 'எங்கள் ஜில்லாவில்தான் வந்தியத்தேவன் குதிரை ஓடத் தொடங்கியது' என்று தாராளமாகப் பீற்றிக்கொள்ளலாம்.

வந்தியத்தேவனிடம் இருப்பது இரண்டு ஓலை. கொடுத்தவர் இளவரசர் ஆதித்த கரிகாலர். ஒன்று தந்தை சுந்தர சோழருக்கு. இன்னொன்று தங்கை குந்தவைக்கு. கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. தபால்காரர் வேலை! நம் காசிம் கையில் இருந்த உறை மாதிரியே இல்லையா?

வழியில் கடம்பூர் மாளிகையில் ஒரு ராத்திரி தங்குகிறான். நடு ராத்திரியில் பெரிய பெரிய சிற்றரசர்கள் கூடி ரகசியம் பேசுவது அவன் கண்ணில் படுகிறது. நோய்வாய்ப்பட்டிருக்கும் சுந்தர சோழருக்குப் பிறகு அவருடைய மகன்களுக்குப் பட்டம் கிடைக்கக் கூடாது, மதுராந்தகருக்குத்தான் கட்ட வேண்டும் என்று திட்டம் போடுகிறார்கள். அந்தக் கணத்திலிருந்து ஓலை வெறும் ஓலை இல்லை. அவன் தலையில் ஒரு ரகசியம் ஏறிவிட்டது. அது தெரிந்தால் தலையே போய்விடும்!

தஞ்சைக் கோட்டைக்குள் சக்கரவர்த்தியிடம் ஓலை கொடுக்கும்போது 'அபாயம்' என்று எச்சரிக்கிறான். அது சின்னப் பழுவேட்டரையர் காதில் விழுந்துவிடுகிறது. அவர் கேட்டதும், 'அபயம்' என்றல்லவா சொன்னேன் என்று சமாளிக்கிறான். ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். 'பா' என்ற நெடில் 'ப' என்ற குறிலாகிறது. அந்தக் குறிலில் அவன் உயிர் ஊசலாடுகிறது. இலக்கண வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுத்தால் எல்லாரும் நூறு மார்க் வாங்கிவிடுவார்கள்!

இதே மாதிரி ஒரு காட்சி வேறொரு தேசத்து நாவலிலும் உண்டு. ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன். 1881-இல் ஒரு மழைக்காலம். வெளியே போக முடியாமல் வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்கள். வீட்டில் லாயிட் என்று ஒரு பையன், அவருடைய மனைவியின் மகன், உங்கள் வயதுதான். அவனோடு சேர்ந்து ஒரு தீவின் வரைபடத்தை வரைந்து வண்ணம் தீட்டினார். அந்தப் படத்திலிருந்து பிறந்ததுதான் 'புதையல் தீவு'. முதலில் சிறுவர் பத்திரிகையில் தொடராக வந்து, 1883-இல் புத்தகமானது.

அதில் ஜிம் என்ற பையன் புதையல் தேடிக் கப்பலில் போகிறான். ஒருநாள் ஆப்பிள் எடுக்கப் பெரிய பீப்பாய்க்குள் இறங்குகிறான். அடியில் ஒன்றிரண்டுதான் மிச்சம். அப்போது வெளியே பேச்சுக்குரல். கப்பல் சமையல்காரர் ஜான் சில்வர், மற்றவர்களைக் கவிழ்த்துப் புதையலைப் பறிக்கத் திட்டம் சொல்லிக்கொண்டிருக்கிறார்! பீப்பாய்க்குள் ஜிம். ஒரு தும்மல் வந்தால் போதும், எல்லாம் முடிந்தது.

வந்தியத்தேவனும் ஜிம்மும் ஒரே மாதிரி மாட்டிக்கொள்கிறார்கள், கவனித்தீர்களா? ஒட்டுக்கேட்பது தப்பு என்று வீட்டில் சொல்வார்கள். நாவலில் மட்டும் அதற்கு விதிவிலக்கு! ஏனென்றால் எதிராளிக்கு என்ன வேண்டும் என்பது அந்த நிமிஷத்தில்தான் நமக்குத் தெரிகிறது. தெரியாதவரை அது வெறும் பயணம். தெரிந்தபிறகு ஒவ்வொரு அடியும் ஆபத்து.

ஹிட்ச்காக் என்ற புகழ்பெற்ற திகில் பட இயக்குநர் இதை அழகாக விளக்கியிருக்கிறார். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சிலர் அரட்டை அடிக்கிறார்கள். திடீரென்று குண்டு வெடிக்கிறது. பார்ப்பவர்களுக்கு ஒரு நொடி அதிர்ச்சி. அதே காட்சியில், மேஜைக்கு அடியில் குண்டு இருப்பதை நமக்கு மட்டும் முன்னாலேயே காட்டிவிட்டால்? கடிகாரமும் தெரிகிறது. அவர்களோ ஒன்றும் தெரியாமல் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். 'ஐயோ, எழுந்து போங்களேன்' என்று நாம் கத்துவோம். முதலாவது அதிர்ச்சி. இரண்டாவதுதான் சஸ்பென்ஸ்.

வில்லன் கெட்டவராக இருந்தே ஆக வேண்டுமா?

இங்கேதான் சுமாரான நாவலும் நல்ல நாவலும் பிரிகின்றன என்பேன். சுமாரான நாவலில் வில்லன் பிறந்ததிலிருந்தே கெட்டவர். எதற்கெடுத்தாலும் 'ஹா... ஹா...' என்று சிரிப்பார். அவருக்கு வேறு வேலையே கிடையாது. கதாநாயகன் கடைசியில் ஜெயிப்பான் என்று நமக்கு முதல் பக்கத்திலேயே தெரியும். அப்புறம் எதற்கு நகம் கடிப்பது?

ஜான் சில்வரைப் பாருங்கள். ஒற்றைக் கால். தோளில் கிளி. ஜிம்மிடம் அவ்வளவு பிரியமாகப் பேசுவார், கடல் விஷயமெல்லாம் சொல்லித்தருவார். பின்னால் ஜிம் கொள்ளைக்காரர்கள் கையில் மாட்டும்போது, மற்றவர்கள் அவனைக் கொல்லப் பார்க்க, குறுக்கே நிற்பதும் இதே சில்வர்தான். பாசத்தாலா? தன் தலை தப்பவேண்டும் என்ற கணக்கா? இரண்டும்தான் போலிருக்கிறது. அவரை வெறுக்கவும் முடியாமல் நம்பவும் முடியாமல் ஜிம் தவிக்கிறான். நாமும்தான்.

பொன்னியின் செல்வனிலும் இதே கதைதான். மதுராந்தகருக்குப் பட்டம் கட்ட நினைப்பவர்கள் திருடர்களா? அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மதுராந்தகரின் தந்தை கண்டராதித்தர் சோழ நாட்டை ஆண்டவர். அவர் காலமானபோது பிள்ளை சின்னக் குழந்தை. அதனால் பட்டம் தம்பி வழிக்குப் போனது. இப்போது பிள்ளை வளர்ந்துவிட்டான், அவனுக்குச் சேர வேண்டியதைக் கொடுங்கள் என்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், வேண்டாம் என்று தடுப்பது மதுராந்தகரின் தாயார் செம்பியன் மாதேவியே! இவர்களில் யார் பக்கம் நிற்பது? படிக்கப் படிக்க நம் கட்சி மாறிக்கொண்டே இருக்கும். (ஆதித்த கரிகாலரைக் கொன்றது யார் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். கல்கியே அதைத் தெளிவாகச் சொல்லாமல் விட்டுவிட்டார்!)

பத்து வயதுக்குக் கீழே படிக்கும் கதைகளில் ராட்சசன் ராட்சசனாகவே இருக்கலாம். அதில் ஒரு குறையும் இல்லை. பன்னிரண்டு, பதிமூன்று வயதில் படிக்கும் நாவல்களில் ராட்சசன் வீட்டிலும் ஒரு பாப்பா இருக்கும். 'பசிப் போட்டிகள்' என்று தமிழில் சொல்லத்தக்க 'ஹங்கர் கேம்ஸ்' நாவல் 2008-இல் வந்தது. தங்கைக்குப் பதிலாகத் தானே முன்வந்து உயிர்ப் போட்டிக்குப் போகிறாள் காட்னிஸ். அங்கே அவளுக்கு எதிராக நிற்பவர்களில் ஒருவன் பீட்டா. பசியால் வாடியபோது அவளுக்கு ரொட்டி கொடுத்துக் காப்பாற்றியவன்! அவன்மேல் அம்பு விட முடியுமா? விடாமல் வீட்டுக்குத் திரும்ப முடியுமா?

கடல் கேட்கிறது

சரி, நாமே ஒரு நாவல் தொடங்குவோமா? வெளியூருக்குப் போக வேண்டாம். கோட்டக்குப்பம் கடற்கரைக்கே போவோம். அதற்கு முன் கொஞ்சம் நிஜமான விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். சஸ்பென்ஸ் எழுதுகிறவர்கள் ஊரைப் பற்றி நன்றாகத் தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

நம் கிழக்குக் கடற்கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை. அது நடக்கும்! வருஷத்தில் பெரும்பாலான மாதங்களில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொஞ்சம் தெற்கே திருப்பிக் கொண்டுவரும். மொத்தமாகப் பார்த்தால், வருஷத்துக்கு லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் வடக்கே போய்க்கொண்டிருக்கிறது. அலை அரித்த இடத்தை இந்த மணல் வந்து நிரப்பும். அதனால் கரை கரையாகவே இருக்கும்.

1980-களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீளமான கல் சுவர்கள் கட்டினார்கள். வடக்கே போகிற மணல் அந்தச் சுவரில் முட்டி, தெற்கே தேங்கிவிட்டது. வடக்கே இருந்த கரைக்கு மணல் வரவில்லை. ஆனால் அலை அரிப்பதை நிறுத்துமா? புதுச்சேரி நகரத்தின் மணல் கடற்கரை மறைந்து, கருங்கல் கொட்டின கரை ஆனது. கல் கொட்டிய இடம் தப்பித்தது. அரிப்பு அதற்கும் வடக்கே நகர்ந்தது. கோட்டக்குப்பம் பக்கத்துத் தந்திராயன்குப்பம் போன்ற மீனவக் கிராமங்களில் வீடுகளையே கடல் கொண்டுபோனது. கல் கொட்டியும், 'தூண்டில் வளைவு' என்று சொல்கிற கல் தடுப்புகளைப் போட்டும் ஒரு கிராமத்தைக் காப்பாற்றினால், கடல் அதற்கு வடக்கே போகும். பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி என்று அரிப்பு ஏறிக்கொண்டே போனது. 2018 வாக்கில் புதுச்சேரியில் கடலுக்கடியில் ஒரு செயற்கைத் திட்டு அமைத்ததும், காணாமல் போன மணலில் கொஞ்சம் நகரத்துக் கரைக்குத் திரும்பி வந்தது.

இதில் யார் வில்லன்? துறைமுகம் கேட்டவர்களா? வீட்டைக் காப்பாற்றக் கல் கேட்டவர்களா? கடலா? யோசித்துப் பாருங்கள். வில்லனே இல்லை. ஆனால் மோதல் இருக்கிறது, அதுவும் எப்பேர்ப்பட்ட மோதல்! நாவல் எழுத இதைவிட நல்ல இடம் கிடைக்குமா?

நம் கதைக்கு ஊர்ப் பெயர் வேண்டாம். தெற்குக் குப்பம், வடக்குக் குப்பம் என்று வைத்துக்கொள்வோம். தெற்குக் குப்பத்தில் செல்வி. எட்டாம் வகுப்பு. வாசலிலிருந்து கடலுக்கு இருபது அடிதான் மிச்சம். பின்பக்கச் சுவர் போன மாசம் விரிசல் விட்டுவிட்டது. அவளுடைய அப்பாவுக்கு ஒரு ஃபைபர் படகு உண்டு. கடலுக்குப் போகாத நாளெல்லாம் தூண்டில் வளைவு கேட்டு மனு எழுதிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைகிறார். வடக்குக் குப்பத்தில் மங்கை. செல்வியோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவள். மதியம் குழம்பைப் பாதிப் பாதி பங்கு போட்டுக்கொள்கிறவர்கள்.

அறிவியல் டீச்சர் ஒரு வேலை கொடுத்திருந்தார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கயிறு பிடித்து, வாசலிலிருந்து அலை வரைக்கும் அளந்து ஒரு நோட்டில் எழுத வேண்டும். இருவரும் சேர்ந்து ஒரு வருஷமாக அளந்திருக்கிறார்கள். தெற்கே கல் கொட்டின மாசத்திலிருந்து பக்கத்துக் குப்பத்துக் கரை எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பது அந்த நோட்டில் வரிசையாக இருக்கிறது.

நாளைக் காலை பத்து மணிக்கு அதிகாரிகள் வருகிறார்கள். அப்பாவின் மனு மேல் முடிவு சொல்லப் போகிறார்கள். நோட்டைக் காட்டினால், தூண்டில் வளைவு வடக்குக் குப்பத்தை அழித்துவிடும் என்று சொல்லி நிறுத்திவிடலாம். செல்வியின் வீடு அடுத்த புயலில் போகும். காட்டாவிட்டால் கல் வரும். மங்கையின் வீடு போகும். நோட்டு இப்போது செல்வியிடம் இருக்கிறது. சாயங்காலம் மங்கை வந்து, "நோட்டைக் கொடுடி, நாளைக்கு எங்க ஊர் ஆளுங்க கொண்டுவரணும்" என்று கேட்டிருக்கிறாள். "காலையில தரேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள் செல்வி.

ராத்திரி. காற்று மாறுகிறது. அலைச் சத்தம் வாசல்படிக்கு வந்துவிட்டது. தம்பி தூக்கத்தில் முனகுகிறான். அம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டுகிறாள். நோட்டு செல்வியின் தலையணைக்கு அடியில் இருக்கிறது. அதை அப்பாவும் பார்த்ததில்லை. அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்!

கதவு தட்டுகிற சத்தம் கேட்கிறது. மழையில் நனைந்தபடி மங்கை நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் அவளுடைய பெரியப்பா. அப்பா லாந்தரை உயர்த்திப் பார்க்கிறார்.

"என்ன புள்ள, இந்த நேரத்துல?"

"மாமா, செல்விகிட்ட எங்க நோட்டு ஒண்ணு இருக்கு."

அப்பா திரும்பி மகளைப் பார்க்கிறார். "என்ன நோட்டும்மா?"

முதல் அத்தியாயத்தை இங்கே நிறுத்திவிடலாம். இரண்டாம் அத்தியாயத்தின் முதல் வரி செல்வியின் பதில். அதை நீங்கள் எழுதுங்கள். கையோடு, வக்கீல் ஆபீஸ் வாசலில் நிற்கிற காசிமையும் கொஞ்சம் கவனியுங்கள். மணி ஐந்தாகப் போகிறது.